சொட்டுநீர்ப் பாசனத்தில் அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தகவல் இணைப்பு அமைத்தல்

கடலூரை அடுத்த ராமாபுரம் பகுதி வாழைக்கும், பண்ருட்டிச் செம்மண் மேட்டில் புதிதாக நடும் மரக்கன்றுகளுக்கும், ஆலைக் கரும்புக்கும் இன்று சொட்டுநீர்க் குழாய் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் சிறு, குறு உழவர்களுக்கு 100 சதவீத மானியத்திலும் மற்றவர்களுக்கு 75 சதவீத மானியத்திலும் நுண்ணீர்ப் பாசனம் அமைத்துத் தரப்படுவது இதற்கு முக்கியக் காரணம். ஆனால் குழாய் வந்த வேகத்தில், குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தைக் கவனிக்கும் பழக்கம் வரவில்லை. வடிகட்டியின் மேல் உள்ள அழுத்தமானி உடைந்து, முள் ஒரே இடத்தில் நிற்கும் வயல்களே அதிகம்.

அண்மைக் காலமாகப் பயிற்சிக்கு வரும் உழவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அழுத்தத்தைச் செல்போனில் பார்க்கலாம் என்கிறார்களே, அது நமக்கு ஆகுமா?" ஆகும். தொழிற்சாலைகளில் கொதிகலன்களையும் பெரிய பம்புகளையும் கவனிக்க வந்த கருவிகள்தாம் இப்போது சிறிய உருவில் மோட்டார் கொட்டகைக்கு வந்துள்ளன. ஆனால் வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. கருவிக்கும் செல்போனுக்கும் இடையே உள்ள இணைப்பை முறையாக அமைக்காவிட்டால், கருவி இல்லாத நாளைவிட அதிக நட்டம் வரும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

வல்லம்படுகைப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் வாழை உண்டு. வயலின் கடைசியில் ஓர் அழுத்த உணர்வியைப் பொருத்தி, அங்கிருந்து கொட்டகைக்குக் கம்பி இழுத்து, செல்போனிலும் பார்க்கும்படி செய்தோம். ஓர் இரவு யூரியாவும் பொட்டாஷும் கரைத்து, வென்ச்சுரி வழியாக உரம் விட்டுக்கொண்டிருந்தோம். பத்து மணிக்கு அப்பா செல்போனைப் பார்த்தார். 1.1 கிலோ. ஒரு மணிக்குப் பார்த்தார். 1.1 கிலோ. நான்கு மணிக்கும் அதே 1.1 கிலோ. விடிந்து போய்ப் பார்த்தால், பிரதான குழாயின் இணைப்பு ஒன்று வாய் பிளந்து, உரத்தோடு தண்ணீரெல்லாம் வடிகாலில் போயிருந்தது. குழாய் திறந்துகொண்டதால் மோட்டார் அளவுக்கு மீறி இறைத்து, ஆழ்குழாய்க் கிணற்றில் நீர்மட்டம் இறங்கி, மோட்டார் வெறுமையாக ஓடிக் கருகிவிட்டது.

செல்போன் ஏன் பொய் சொன்னது? குழாயும் கம்பியும் ஒரே பள்ளத்தில் இருந்தன. குழாய் பிளந்து மண் கரைந்தபோது கம்பியும் அறுந்துவிட்டது. புதிய செய்தி வராததால், கடைசியாக வந்த எண்ணையே கருவி இரவு முழுவதும் காட்டிக்கொண்டிருந்தது. நமக்கு எந்தச் சேதம் உடனே தெரிய வேண்டுமோ, அதே சேதம் செய்தி வரும் வழியையும் அறுத்துவிடும் என்பதை அன்று தெரிந்துகொண்டோம். இனி வருவதையெல்லாம் இதை மனத்தில் வைத்தே படியுங்கள்.

எவ்வளவு அழுத்தம் வேண்டும்?

அழுத்தத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று கணக்கிடுகிறோம். பேச்சில் 'ஒரு கிலோ', 'இரண்டு கிலோ' என்றால் அதுதான் பொருள். 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் நீர், அடியில் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தரும். நம் மாவட்டத்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு முதல் வீராணம் ஏரித் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்கும், அங்கிருந்து காடாம்புலியூரில் மேட்டில் உள்ள தொட்டிக்கும் பம்பு செய்யப்படுகிறது. அதன் பிறகு சென்னைப் போரூர் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரத்தையும் அந்த மேட்டின் உயரம் தரும் அழுத்தத்தாலேயே கடந்துவிடுகிறது.

சொட்டுவான்கள் பெரும்பாலும் ஒரு கிலோ அழுத்தத்தில் குறிப்பிட்ட அளவு நீர் தருமாறு செய்யப்பட்டவை. மணிக்கு 4 லிட்டர் தரும் சாதாரணச் சொட்டுவானில் அழுத்தம் அரைக் கிலோவாகக் குறைந்தால், நீர் பாதியாகக் குறையாது, ஏறத்தாழ 2.8 லிட்டராகும். பாதகமில்லை என்று தோன்றும். ஆனால் தலைமாட்டு வாழைக்கு 4 லிட்டரும் கடைமாட்டு வாழைக்கு 2.8 லிட்டரும் பல மாதங்கள் தொடர்ந்து போனால், தார் வெட்டும்போது வித்தியாசம் தெரியும். உரமும் அதே விகிதத்தில்தான் போகிறது என்பதை மறக்கக் கூடாது.

ஆகவே மூன்று இடங்களில் அழுத்தம் தெரிய வேண்டும்: வடிகட்டிக்கு முன், வடிகட்டிக்குப் பின், வயலின் கடைசித் துணைக்குழாயில். முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் அரைக் கிலோவை நெருங்கினால் வடிகட்டியைக் கழுவ வேண்டும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் குழாய் உடைந்திருக்கும் அல்லது கிணற்றில் நீர் இறங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்து ஏறினால் எங்கோ வால்வு மூடியிருக்கிறது. கொட்டகையில் எல்லாம் சரியாக இருந்து கடைசியில் மட்டும் குறைந்தால், இடையில் கசிவு அல்லது அடைப்பு. முதல் இரண்டு உணர்விகளும் கொட்டகைக்குள்ளேயே இருப்பதால் தொல்லையில்லை. மூன்றாவதுதான் இருநூறு, முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கும். இணைப்பு வேலை எல்லாம் அதற்குத்தான்.

காட்டுமன்னார்கோயில், புவனகிரிப் பக்கம் வாய்க்கால் பாய்ச்சலில் நெல் மட்டும் நடுபவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. மோட்டார் கொட்டகையில் இருந்தே வயல் முழுவதும் தெரியும் அரை ஏக்கர்க்காரருக்கும் நல்ல அழுத்தமானி ஒன்று போதும்.

மில்லி ஆம்பியர் முறை

உணர்வி தான் அறிந்த அழுத்தத்தைக் கட்டுப்பாட்டுக் கருவிக்குச் சொல்ல இரு வழிகள் உள்ளன. பழைய வழி மின்னோட்டத்தின் அளவால் சொல்வது. அழுத்தம் இல்லாதபோது 4 மில்லி ஆம்பியர், உணர்வியின் உச்ச அளவில் 20 மில்லி ஆம்பியர். 0 முதல் 10 கிலோ வரை அளக்கும் உணர்வியானால், கிலோவுக்கு 1.6 மில்லி ஆம்பியர் வீதம் கூடும். 1 கிலோவுக்கு 5.6, 2 கிலோவுக்கு 7.2. ஏன் பூஜ்யத்தில் தொடங்காமல் 4இல் தொடங்குகிறார்கள்? கம்பி அறுந்தால் மின்னோட்டம் பூஜ்யமாகிவிடும். அழுத்தம் இல்லாத நிலையோ 4 ஆக இருக்கும். ஆகையால் குழாயில் அழுத்தம் இல்லை என்பதையும் கம்பி அறுந்துவிட்டது என்பதையும் கருவி பிரித்து அறியலாம். எளிய, நம்பகமான முறை. ஓர் உணர்விக்கு ஒரு ஜோடிக் கம்பி வேண்டும் என்பது ஒன்றே குறை. ஒன்றிரண்டு உணர்விகள் மட்டும் உள்ள சிறு உழவருக்கு என் பரிந்துரை இதுவே.

உணர்வி வாங்கும்போது அளவைக் கவனியுங்கள். 2 கிலோவுக்கு மேல் போகாத குழாயில் 25 கிலோ வரை அளக்கும் உணர்வியைப் போட்டால் சிறு மாறுதல்கள் சரியாகத் தெரியா. பிரதான குழாய் 4 கிலோ அல்லது 6 கிலோ தாங்கும் பி.வி.சி.யாக இருந்தால் 10 கிலோ உணர்வி போதும்.

இரட்டைக் கம்பி முறை

நான்கைந்து உழவர்கள் சேர்ந்து ஒரு கிணற்றை வைத்திருந்தாலோ, பல வால்வுகளும் உணர்விகளும் இருந்தாலோ, ஒரே ஜோடிக் கம்பியில் எல்லாக் கருவிகளையும் கோக்கும் முறை சிக்கனமானது. இந்தக் கம்பி முறைக்கு ஆர்.எஸ்.485 என்று பெயர். அதில் கருவிகள் பேசிக்கொள்ளும் ஒழுங்குக்கு மோட்பஸ் என்று பெயர். 1979இல் அமெரிக்காவின் மோடிகான் நிறுவனம் தொழிற்சாலைகளுக்காக வகுத்த இந்த ஒழுங்கு இன்றும் வழக்கில் இருக்கிறது. குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் தூரம் வரை செய்தி போகும். சாதாரணமாக 32 கருவிகள் வரை ஒரே கம்பியில் இணைக்கலாம்.

பால் சங்கத்தில் செயலாளர் உறுப்பினர் எண்ணைக் கூப்பிட, அந்த எண்ணுக்குரியவர் மட்டும் முன்னால் வருவது போன்றது இது. கொட்டகையில் உள்ள தலைமைக் கருவி "3ஆம் எண், உன் அழுத்தம் என்ன?" என்று கேட்கும். 3ஆம் எண் உணர்வி மட்டும் பதில் தரும். கேட்காமல் எதுவும் பேசாது. இணைக்கும்போது கீழ்க்கண்டவை தலைமைக் கருவியிலும் உணர்வியிலும் ஒத்துப்போக வேண்டும்.

முதலாவது முகவரி எண். 1 முதல் 247 வரை எதையும் வைக்கலாம். ஆனால் இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் இருக்கக் கூடாது. கடையிலிருந்து வரும் எல்லா உணர்விகளும் பெரும்பாலும் 1 என்ற எண்ணோடுதான் வரும். அப்படியே மூன்றையும் மாட்டினால் மூன்றும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி, எதுவும் விளங்காது. ஒவ்வொன்றாகத் தனியே இணைத்து எண்ணை மாற்றிய பிறகே எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது பேசும் வேகம். 9600 என்பது வழக்கமான அளவு. அதனோடு பாரிட்டி என்ற சரிபார்ப்பு அமைப்பும், முடிவுக் குறியின் எண்ணிக்கையும் உண்டு. இவற்றின் உட்பொருளை உழவர் அறிய வேண்டியதில்லை. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒன்று மாறினாலும் கம்பி சரியாக இருந்தும் பதில் வராது. அதைக் கம்பிக் கோளாறு என்று எண்ணிப் பள்ளத்தைத் தோண்டியவர்கள் உண்டு.

மூன்றாவது, அழுத்தம் எந்த எண்ணுள்ள பதிவேட்டில் இருக்கிறது என்பது. உணர்விக்குள் பல பதிவேடுகள் உள்ளன. ஒன்றில் அழுத்தம், ஒன்றில் முகவரி, ஒன்றில் வேகம். சிலர் பதிவேட்டை 0 முதலும் சிலர் 1 முதலும் எண்ணுவார்கள். ஆகையால் எண் ஒன்று தள்ளிப்போய், அழுத்தத்துக்குப் பதில் வேறு ஏதோ வந்து நிற்கும். மேலும் 1.85 கிலோ என்பதை உணர்வி 185 என்று அனுப்பலாம். 100ஆல் வகுக்க வேண்டும் என்று தலைமைக் கருவிக்குச் சொல்லிவைக்க வேண்டும். ஆகவே பணம் கொடுக்கும் முன்பே பதிவேட்டுப் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைத் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். பின்னால் அவர் கடையை மூடிவிட்டால், அந்தக் கருவியை வேறு எவராலும் மற்றொன்றோடு இணைக்க இயலாது.

எண்கள் சரியாக இருந்தும் பதில் வராவிட்டால், ஏ, பி என்று குறித்த இரு கம்பிகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். இந்த எழுத்துகளை எல்லா உற்பத்தியாளர்களும் ஒரே பொருளில் பயன்படுத்துவதில்லை.

கம்பி போடும் விதம்

முறுக்கிய ஜோடிக் கம்பியே வேண்டும். கிளைகிளையாகப் பிரிக்காமல், ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு என்று மாலை கோப்பதுபோல் கொண்டு செல்ல வேண்டும். மாலையின் இரு முனைகளிலும், இரு கம்பிகளுக்கு இடையே 120 ஓம் தடை ஒன்று பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் செய்தி முனையில் மோதித் திரும்பி வந்து, அடுத்த செய்தியைக் கெடுக்கும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரு கம்பிகளுக்கு இடையே மல்டிமீட்டரில் பாருங்கள். ஏறத்தாழ 60 ஓம் காட்டினால் இரு தடைகளும் உள்ளன. 120 காட்டினால் ஒன்று இல்லை, அல்லது நடுவில் கம்பி அறுந்திருக்கிறது.

மோட்டாருக்குச் செல்லும் மின்கம்பியோடு இதைச் சேர்த்துக் கட்டக் கூடாது. குறைந்தது ஓர் அடியாவது தள்ளியிருக்க வேண்டும். எங்கள் வயலில் நடந்ததைப் பார்த்த பிறகு, தண்ணீர்க் குழாய்ப் பள்ளத்திலும் இதைப் போட வேண்டாம் என்பேன். வரப்பு ஓரமாகத் தனிப் பள்ளத்தில், ரோட்டவேட்டர் கத்தி தொடாத ஆழத்தில், எலி கடிக்காதபடி பி.வி.சி. குழாய்க்குள் செலுத்த வேண்டும். கம்பியின் மேல் உள்ள உலோக உறையைக் கொட்டகைப் பக்கம் மட்டும் நிலத்தோடு இணைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் நீண்ட கம்பி மின்னலின் தாக்கத்தை உள்ளே கொண்டுவரும். இரு முனைகளிலும் மின்னெழுச்சித் தடுப்பானும், கொட்டகையில் நல்ல நிலத்தொடர்பும் கட்டாயம் தேவை. தடுப்பானுக்குச் செலவு அதிகம் என்று விட்டவர்கள், ஒரே இடியில் தலைமைக் கருவியையும் உணர்விகளையும் சேர்த்து மாற்ற நேர்ந்ததைக் கண்டிருக்கிறேன்.

சாலையையோ பிறர் நிலத்தையோ தாண்ட வேண்டியிருந்தால் கம்பிக்குப் பதில் சிறு வானொலிப் பெட்டி வைக்கலாம். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை, குறிப்பிட்ட ஆற்றலுக்குள் இயங்கும் கருவிக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. அடர்ந்த முந்திரித் தோப்பும் ஆளுயரக் கரும்பும் அலையைக் குறைக்கும். கரும்பு நட்டவுடன் சோதித்துத் திருப்தி அடைய வேண்டாம். வளர்ந்த பின்னும் எட்டும்படி கம்பத்தை உயர்த்தி வையுங்கள்.

கொட்டகையிலிருந்து செல்போனுக்கு

தலைமைக் கருவியோடு சிம் கார்டு உள்ள பெட்டி ஒன்று இணைக்கப்படும். வாங்கும் முன், உங்கள் கொட்டகைக்குள் எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறது என்று அங்கேயே நின்று பாருங்கள். ஊரில் கிடைப்பது வயலில் கிடைக்காமல் போகலாம். விலை குறைந்த பெட்டிகள் சில 2ஜி சேவையில் மட்டும் இயங்குபவை. 2ஜி சேவையே இல்லாத ஜியோ சிம்மை அவற்றில் போட்டால் வேலை செய்யாது. தகரக் கொட்டகையானால் ஆன்டெனாவை வெளியே பொருத்துங்கள். மறக்காமல் ரீசார்ஜ் செய்யுங்கள். பழுது என்று வந்த அழைப்பில் போய்ப் பார்த்தால் ரீசார்ஜ் முடிந்திருந்ததும் உண்டு. பெட்டியோடு வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள்; இல்லாவிட்டால் அதே பெட்டியை வாங்கிய எவரும் உங்கள் மோட்டாரை ஓட்டலாம்.

இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்?

கருவி விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான். ஆனால் பெரும்பாலோர் கேட்பதில்லை.

மோட்டாரை நிறுத்தும் முடிவு கொட்டகையில் உள்ள கட்டுப்பாட்டுக் கருவியிடமே இருக்க வேண்டும். வடிகட்டிக்குப் பின் உள்ள உணர்வியைக் குறுகிய கம்பியால் அதனோடு நேரே இணைத்து, செல்போனைக் கேட்காமல் நிறுத்தும்படி வைக்க வேண்டும். உதாரணமாக, அங்கு வழக்கமான அழுத்தம் 1.4 கிலோவானால், கீழ் வரம்பு 0.8 கிலோ. மோட்டார் ஓடத் தொடங்கிக் குழாய் நிரம்பும் வரை இரண்டு மூன்று நிமிடம் இதைப் பொருட்படுத்தாமல் இருக்க வேண்டும். பிறகு அரை நிமிடம் தொடர்ந்து கீழே இருந்தால் நிறுத்த வேண்டும். குழாய் 4 கிலோ தாங்குவதானால் மேல் வரம்பு 3 கிலோவுக்குள் இருக்கட்டும். நின்ற மோட்டார் தானே மறுபடி ஓடாமல், ஆள் வந்து பார்த்த பின்பே ஓட வேண்டும். மின்சாரம் வந்தவுடன் ஓடவைக்கும் 'ஆட்டோ' பலரிடம் இருக்கிறது. அது இந்தப் பூட்டை மீறாதபடி இணைத்திருக்கிறதா என்று எலக்ட்ரீசியனிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வயல்கோடி உணர்வியிடமிருந்து மூன்று முறை கேட்டும் பதில் வராவிட்டால், பழைய எண்ணை அழித்து 'இணைப்பு இல்லை' என்று காட்டவும், செல்போனை ஒலிக்கவும் வைக்க வேண்டும். எண்ணோடு அது அளக்கப்பட்ட நேரமும் தெரிய வேண்டும். உரம் போகும்போது இணைப்பு அறுந்தால் மோட்டாரையே நிறுத்திவிடும்படி எங்கள் வீட்டில் இப்போது வைத்திருக்கிறோம். வெறும் தண்ணீர் மட்டும் போனால் நிறுத்துவதில்லை. இது அவரவர் பயிரையும் கிணற்றையும் பொறுத்தது.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றும் உண்டு. செல்போனால் மோட்டாரை ஓட்ட முடியும் என்றால், கொட்டகையில் ஒருவர் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதும் வீட்டிலிருந்து மற்றொருவர் ஓட்டிவிட முடியும். ஆகவே 'இங்கே', 'தொலைவில்' என இரு நிலை உள்ள சுவிட்சு ஒன்று பெட்டியின் முகப்பில் வேண்டும். பழுது பார்க்கும் முன் அதை 'இங்கே' என்று திருப்பி, மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டே கை வைக்க வேண்டும். பிள்ளைகள் செல்போனில் விளையாடும் வீடுகளில் இது மிக அவசியம்.

எல்லாவற்றையும் மண்ணில் புதைக்கும் முன் திண்ணையில் ஒரு மேசை மேல் பரப்பி இணைத்து, பதில் வருகிறதா என்று பாருங்கள். வயலில் பொருத்திய பின், மோட்டார் ஓடும்போது வயல்கோடி உணர்வியின் கம்பியை வேண்டுமென்றே கழற்றுங்கள்; செல்போன் ஒலிக்கிறதா, எண் மறைகிறதா என்று பாருங்கள். பிறகு துணைக்குழாயின் கடைசி மூடியைத் திறந்துவிட்டு, அழுத்தம் வரம்புக்குக் கீழே இறங்கியதும் மோட்டார் தானே நிற்கிறதா என்று பாருங்கள். மூடியைத் திறந்தும் அழுத்தம் அந்த அளவுக்கு இறங்காவிட்டால் வரம்பு மிகக் குறைவாக இருக்கிறது என்று பொருள்; சற்று உயர்த்துங்கள். விற்றவர் ஊரை விட்டுப் போகும் முன் இந்தச் சோதனைகளை அவர் எதிரிலேயே செய்ய வேண்டும். முகவரி எண்கள், வேகம், பதிவேட்டு எண், வரம்புகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, புரட்டாசியில் மழைக்கு முன், அதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.

செல்போனால் இயங்கும் மோட்டார் கருவிகளுக்கு வேளாண் பொறியியல் துறை வழியே மானியம் வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் செயல்படுத்தப்பட்டுள்ளது. இவ்வாண்டுக்கான ஒதுக்கீட்டையும் தொகையையும் கடலூர், சிதம்பரம் உழவர்கள் தத்தம் பகுதி உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டறியலாம். விண்ணப்பிக்கும்போது, கருவியில் அழுத்த உணர்வியை இணைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் மட்டும் தெரிந்த பெட்டிகளே அதிகம் விற்கப்படுகின்றன.